கராத்தே போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றவருக்கு

நீங்கள் எழுதியது நீளமாக இருப்பதால், மற்றவர்களும் படிக்க வசதியாக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 27. வேலைக்குப் போய்க்கொண்டே நான்கு வருஷமாகக் கராத்தே கற்கிறீர்கள், இப்போது பிரவுன் பெல்ட். மாஸ்டர் சொன்னார் என்று ஒரு ஓபன் டோர்னமென்ட்டில் முதன்முறையாகக் கலந்துகொண்டீர்கள். குமித்தேயில் (நேருக்கு நேர் மோதும் ஆட்டம்) முகத்துக்கு இரண்டு குத்து, கடைசியில் தலைக்கு ஓர் உதை வாங்கி 0-5 என்று முதல் சுற்றிலேயே தோல்வி. கட்டாவில் (தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசை) வெண்கலம் கிடைத்தது, ஆனால் அந்தக் கேட்டகரியில் மொத்தமே நான்கு பேர். அந்த மெடலை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. டோஜோவில் (பயிற்சிக் கூடம்) சரளமாக வருவது எதுவும் மேட்டில் (போட்டி நடக்கும் விரிப்பு) வரவில்லை, கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. இனியும் போட்டிக்குப் போகலாமா, பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி. கூடவே, நீலப் பக்கம் (ஒருவர் சிவப்புப் பட்டை, மற்றவர் நீலப் பட்டை கட்டுவார்கள்) விழுந்தாலே ராசியில்லை என்று சீனியர்கள் சொல்வது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என் கணிப்பில், அடுத்த போட்டியைப் பற்றிய கவலை உங்களுக்கு இரண்டாம்பட்சம்தான். நான்கு வருஷம் கற்றது நிஜமா, பொய்யா என்ற சந்தேகம்தான் உள்ளே அரிக்கிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். இளவயதில் மாவட்ட, மாநில அளவில் ஆடியிருக்கிறேன். அதற்குப் பிறகு பல வருஷமாகப் பிள்ளைகளுக்கும், உங்களைப் போல வேலை முடித்து மாலையில் வரும் பெரியவர்களுக்கும் கற்றுத்தருகிறேன். போட்டிகளில் ஜட்ஜாக உட்காருவதும் உண்டு. ஆனால் நான் டாக்டர் இல்லை, உங்கள் ஆட்டத்தை நேரில் பார்த்ததும் இல்லை. அந்த எல்லையை வைத்துக்கொண்டு படியுங்கள்.

டாக்டர் இல்லை என்று சொன்னபடியே ஒரு விஷயத்தை முதலில் சொல்லியாக வேண்டும். தலைக்கு உதை வாங்கியிருக்கிறீர்கள், அதன்பின் தூக்கம் கெட்டிருக்கிறது. பெரும்பாலும் அது தோல்வியை நினைத்து நினைத்து வந்ததாகத்தான் இருக்கும். ஆனால் மூளை அதிர்ச்சியிலும் தூக்கம் கெடும். தலைவலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், தலைசுற்றல், வேலையில் கவனம் நிற்காமை, காரணமில்லாத எரிச்சல் இவற்றில் எது இருந்தாலும் ஒரு டாக்டரைப் பாருங்கள். அவர் சரி என்று சொல்லும் வரை குமித்தே வேண்டாம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது என்பதில் மருத்துவ உலகில் இரண்டு கருத்து இல்லை. உலக கராத்தே சம்மேளனத்தின் விதியும் கண்டிப்பானது: அடி வாங்கியோ தடுமாறியோ விழுந்தவர் 10 விநாடிக்குள் எழுந்து நிற்காவிட்டால், அந்தப் போட்டி முழுவதிலும் அவருக்குக் குமித்தே கிடையாது. சிறு போட்டிகளில் தண்ணீர் தெளித்து, முதுகில் தட்டி, மறுபடி மேட்டுக்கு அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அது வீரம் கிடையாது. உங்கள் மாஸ்டரே சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

சரி, கால் ஒட்டிக்கொண்ட விஷயத்துக்கு வருவோம். இது உங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. முதல் போட்டிக்கு வரும் பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் ஆகிறது. அட்ரினலின் ஏறும்போது இதயம் படபடக்கும், பார்வை குறுகிவிடும், மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நிற்கும். ரெஃப்ரி ‘ஹாஜிமே’ (தொடங்கு) சொன்னதும் பலர் தெரியாமலே மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அரை நிமிஷத்துக்குள் தோள் கனத்து, கை இறங்கும். அந்த இறங்கிய கைக்கு மேலேதான் முதல் குத்து வரும். டோஜோவில் ஒரு மணி நேரம் ஆடியும் வாடாதவர், இரண்டு நிமிஷ ஆட்டம் முடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பயிற்சி போதவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. மறுபடி மறுபடி மேட்டில் ஏறினால் இந்தப் படபடப்பு கட்டுக்குள் வரும் என்பதை என்னிடம் படித்தவர்களிடம் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். எத்தனை போட்டியில் வரும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு சிலருக்குக் கடைசி வரை வருவதே இல்லை. அவர்களும் நல்ல கராத்தேக்காரர்கள்தான்.

இன்னொரு காரணம் அதைவிட முக்கியம், இதைப் பலர் யோசிப்பதில்லை. டோஜோவில் உங்களோடு மோதுபவர்கள் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். யார் முதலில் காலைத் தூக்குவார், யார் வலது கையை மட்டுமே நம்புவார், யார் பின்வாங்கியபின் கண்டிப்பாகத் திரும்பி வருவார் என்பதெல்லாம் உங்கள் உடம்புக்கு மனப்பாடம். நான்கு வருஷத்தில் நீங்கள் கற்றதில் ஒரு பங்கு கராத்தே, ஒரு பங்கு அந்த ஐந்தாறு பேர். போட்டியில் எதிரே நின்றவர் அந்தப் பட்டியலில் இல்லாதவர். நீங்கள் பழகிய தூரத்தைவிட அரை அடி தள்ளி நின்று, துள்ளிக்கொண்டே இருந்திருப்பார். உங்கள் குத்து எட்டாத இடத்தில் அவர் நின்றிருப்பார். ஆனால் அவருடைய முன்கைக் குத்து, ஒரே பாய்ச்சலில் உங்கள் முகத்துக்கு வந்திருக்கும். இதைத் திறமைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். புது ஆட்களோடு மோதிய அனுபவம் குறைவு, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

0-5 என்ற எண்ணைப் பற்றியும் பேச வேண்டும். உலக கராத்தே சம்மேளன முறையில் கையால் முகத்திலோ உடம்பிலோ சுத்தமாகப் படும் அடிக்கு யூக்கோ, 1 பாயின்ட். வயிறு, விலா, முதுகு பக்கம் போகும் உதைக்கு வஸாரி, 2. தலைக்குப் போகும் உதைக்கும், கீழே விழுந்தவர் மேல் போடும் அடிக்கும் இப்போன், 3. எட்டு பாயின்ட் வித்தியாசம் விழுந்தால் ஆட்டம் அதோடு முடிந்தது. ஆக உங்கள் 0-5 என்பது மொத்தம் மூன்று கணங்கள். உதைக்கு மதிப்பு அதிகம் என்பதால், ஒரு நல்ல மவாஷி கேரி (சுழற்றிப் போடும் உதை) போட்டி எண்ணையே பூதாகரமாகக் காட்டிவிடும். ஆட்டம் முழுக்க நீங்கள் அடி வாங்கிக்கொண்டே நின்றதாக உங்கள் ஞாபகம் சொல்லலாம். வீடியோ இருந்தால் போட்டுப் பாருங்கள், அந்த மூன்று கணம் போக மிச்ச நேரத்தில் நீங்கள் தாக்குப்பிடித்தது தெரியும்.

அந்த மூன்று கணங்களும் ஜட்ஜ் கண்ணுக்குப் பட்டவை. படாதவையும் இருந்திருக்கலாம். மூலைக்கு ஒருவராக நான்கு ஜட்ஜ் உட்காருவார்கள். குறைந்தது இரண்டு கொடி எழுந்தால்தான் பாயின்ட். என் நாற்காலியிலிருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். எனக்கு முதுகைக் காட்டி நிற்பவர் வயிற்றுக்கு ஒரு கியாக்கு ஸுக்கி (பின்கைக் குத்து) போடுகிறார் என்று வையுங்கள். எனக்குத் தெரிவது அவர் இடுப்பு திரும்புவதும், முழங்கை பின்னால் வருவதும் மட்டுமே. முஷ்டி எங்கே பட்டது என்பது அவர் உடம்பு மறைத்த இடம். பக்கவாட்டில் இருக்கும் ஜட்ஜுக்கு அது தெரியும், அவர் ஒருவர் கொடி மட்டும் எழும். ஒரு கொடி போதாது, ஆட்டம் தொடரும். அடித்தவர் ரெஃப்ரியைத் திரும்பிப் பார்ப்பார், அந்தப் பார்வைக்குள் எதிராளி அவர் முகத்தில் ஒரு குத்து வைப்பார். அந்தக் குத்துக்கு நான்கு கொடியும் எழும். வெளியிலிருந்து பார்க்கிற அப்பாவுக்கு இது அநியாயமாகத்தான் தெரியும்.

விதிப்புத்தகத்தில் நெடுநாளாக ஆறு அளவுகோல்கள் இருந்து வருகின்றன: நல்ல உருவம், விளையாட்டு மனப்பான்மை, வேகமும் வலுவும், அடித்த பின்னும் விழிப்பு, சரியான நேரம், சரியான தூரம். நடைமுறையில் கொடியை எழ வைப்பது அந்த விழிப்பு, ஜான்ஷின் என்று நாம் டோஜோவில் கத்துகிறோமே அதுதான். கை போன வேகத்தில் திரும்பி வந்து, கியாயும் (அடிக்கும்போது எழுப்பும் கத்தல்) அதே நொடியில் வந்து, அடித்தவர் கண் எதிராளியை விட்டு விலகாமல் இருந்தால் ஜட்ஜுக்குச் சந்தேகமே வராது. அடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு ஓடுபவருக்கு, அடி விழுந்ததே தெரிந்தாலும் நான் கொடி தூக்குவதில்லை. உங்கள் டோஜோவில் அடி விழுந்ததும் இருவரும் சிரித்துக்கொண்டு தளர்ந்துவிடும் பழக்கம் இருந்தால், போட்டியில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

பாரபட்சம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தன் மாணவர் ஆடும் மேட்டில் ஜட்ஜாக உட்காரக் கூடாது என்பது அடிப்படை ஒழுக்கம். சிறு போட்டிகளில் ஆள் போதவில்லை என்று அது மீறப்படுகிறது. ஆனாலும், என் அனுபவத்தில், பறிபோகும் பாயின்ட்களில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போனவைதான். இதை என்னால் நிரூபிக்க முடியாது, உட்கார்ந்து பார்த்ததில் வந்த அபிப்பிராயம். நீலப் பட்டை விஷயத்தில் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, டேக்வாண்டோ, இரண்டு வகை மல்யுத்தம் ஆகியவற்றின் முடிவுகளை எடுத்துப் பார்த்த டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், சிவப்பு அணிந்தவர்கள் சற்றே அதிகம் வென்றதாக 2005-ல் எழுதினார்கள். வித்தியாசம் சிறியது, அதிலும் இருவரும் ஏறத்தாழச் சமபலமாக இருந்த ஆட்டங்களில்தான் அது தெரிந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒரே குரலில் ஆதரிக்கவில்லை. நீங்கள் தோற்றது 0-5; அதில் நிறத்துக்குப் பங்கு தேட வேண்டாம்.

ஏமாற்றம் என்று பேசும்போது என் மாணவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசி குமித்தே ஆட்டம். 2021 ஆகஸ்ட் 7, நிப்பான் புடோக்கான் அரங்கம், 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதி. சவூதியின் தாரிக் ஹமீதி 4-1 என்று முன்னிலையில் இருக்கிறார். ஜெயித்தால் அவர் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். ஒரு தலை உதை போடுகிறார், ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஸாதே நினைவிழந்து விழுகிறார், ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகிறார்கள். நடுவர்கள் கூடிப் பேசி, அடி கட்டுப்பாடு மீறியது என்று ஹமீதியைத் தகுதிநீக்கம் செய்தார்கள். தங்கம் மயங்கி விழுந்தவருக்கு. ஹமீதி மேட்டிலேயே அழுதார். விதிப்படி முடிவு சரி என்பதே என் கருத்து. வேறு கருத்துள்ள நல்ல பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். இதை ஏன் காட்டுகிறேன் என்றால், நம்முடைய விளையாட்டு அடிப்பதையும் அடிக்காமல் நிறுத்துவதையும் ஒரே உதையில் கேட்கிறது. அவ்வளவு உச்சத்தில் இருப்பவருக்கே அந்த அளவு தப்பிவிடுகிறது. தோல்வியை ஒத்துக்கொள்ள முடியாமல் வரும் பிள்ளைகள் இதைப் பார்த்தபின் கொஞ்சம் அமைதியாவதைக் கவனித்திருக்கிறேன்.

இன்னொன்று, அந்த நாளின் அமைப்பே ஏமாற்றத்தைப் பெரிதாக்குகிறது. காலை ஏழு மணிக்கு ரிப்போர்ட் பண்ணச் சொல்வார்கள். எடை பார்ப்பார்கள், பெயர் சரிபார்ப்பார்கள், சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார். பிள்ளைகள் கேட்டகரி முடிய மத்தியானம் தாண்டும். பெரியவர்களைக் கூப்பிடும்போது மாலை நாலு, ஐந்து ஆகிவிடும். அதற்குள் இரண்டு தடவை வார்ம் அப் பண்ணி, இரண்டு தடவை ஆறிப்போயிருப்பீர்கள். எலுமிச்சை சாதம் சாப்பிடலாமா வேண்டாமா என்ற யோசனையிலேயே பசி செத்திருக்கும். கேட்டகரியில் ஆள் குறைவு என்று எடைப்பிரிவுகளைச் சேர்த்துவிடுவார்கள். உங்கள் எதிராளி உங்களைவிடப் பத்துப் பதினைந்து கிலோ கூட இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இத்தனைக்கும் பிறகு இரண்டு நிமிஷம். ஒரு முழு நாளை அந்த இரண்டு நிமிஷத்தின் மேல் ஏற்றி வைத்தால், தோல்வி அந்த நாளளவுக்குக் கனக்கத்தான் செய்யும்.

ஒரு மாணவியின் கதை சொல்கிறேன். வங்கியில் வேலை பார்க்கிறவர், முப்பது தாண்டியவர். முதல் சுற்றில் 1-4 என்று தோற்றார். யாரிடமும் சொல்லாமல் டிரெஸ் மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவரை ஜெயித்தவரோ அடுத்தடுத்து ஜெயித்து இறுதிக்குப் போய்விட்டார். ரெப்பசாஜ் முறையில், இறுதிக்கு வந்தவரிடம் தோற்றவர்களுக்கு வெண்கலத்துக்காக ஆட இன்னொரு வாய்ப்பு உண்டு. காலையிலேயே மைக்கில் அறிவித்திருந்தார்கள். தோற்ற அதிர்ச்சியில் அது அவர் மனதில் நிற்கவில்லை. மைக்கில் அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான் போன் போட்டபோது ஈரோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். “சார், நான்தான் தோத்துட்டேனே சார்” என்றார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சே இல்லை, பஸ் சத்தம் மட்டும் கேட்டது. எதிராளிக்கு ஆடாமலே வெற்றி கொடுத்தார்கள். நீங்களும் கேட்டுவையுங்கள்: உங்கள் போட்டியில் ரெப்பசாஜ் உண்டா, டை ஷீட்டில் (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை) உங்கள் பக்கம் யார் மேலே போகிறார்கள் என்று. எல்லாச் சிறு போட்டிகளிலும் இருக்காது, அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் நேராக வெண்கலம் கொடுத்துவிடுவதும் உண்டு.

வெண்கலம் என்றதும் உங்கள் கட்டா மெடல் ஞாபகம் வருகிறது. கொஞ்சம் ஆச்சரியமான ஓர் ஆய்வு இருக்கிறது. அதே ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜூடோ வீரர்களின் முகங்களைப் படம்பிடித்து, டேவிட் மாட்சுமோட்டோவும் பாப் வில்லிங்ஹமும் 2006-ல் வெளியிட்டார்கள். ஆட்டம் முடிந்த அந்த நொடியில் தங்கம் வென்றவரும் வெண்கலம் வென்றவரும் சிரித்தார்கள். வெள்ளிக்காரர் முகத்தில் சிரிப்பு இல்லை. காரணம் எளிது. ஜூடோவில் வெண்கலத்தைக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்து வாங்க வேண்டும், வெள்ளியைக் கடைசி ஆட்டத்தில் தோற்று வாங்க வேண்டும். கராத்தேயிலும் ரெப்பசாஜ் இருக்கும் இடத்தில் இதே கதைதான். உங்கள் மெடல் இனிக்காததற்கும் இது விளக்கம்: நீங்கள் யாரையும் தாண்டி வந்ததாக உங்களுக்குத் தோன்றவில்லை. அந்த உணர்வு நேர்மையானது, மதிக்கிறேன். ஆனால் கட்டா செய்து முடித்தபோது உங்களுக்கே நன்றாக வந்ததாகத் தோன்றிய ஓர் இடம் இருந்திருக்குமே, ஒரு திருப்பமோ, ஒரு நின்ற நிலையோ? மெடலை ஒதுக்கிவிட்டு அதை வைத்துக்கொள்ளுங்கள். உச்சியிலும் வித்தியாசம் இழை அளவுதான்: டோக்கியோவில் பெண்கள் கட்டா இறுதியில் ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸ் 28.06, ஜப்பானின் கியோ ஷிமிஸு 27.88.

இவ்வளவு கசப்பையும் சொல்லிவிட்டு, மக்கள் ஏன் திரும்பத் திரும்ப என்ட்ரி ஃபீஸ் கட்டுகிறார்கள் என்று சொல்லாமல் போனால் பதில் பாதிதான். மேட்டில் ஒரு கணம் வரும். எதிராளி முன்காலில் எடையைப் போடுகிறார், அவர் தோள் அசையும் முன்பே உங்கள் கை போய்விட்டது. யோசித்து அடித்ததில்லை. ‘யாமே’ (நிறுத்து) கேட்ட பிறகுதான் என்ன நடந்தது என்றே தெரிகிறது, திரும்பிப் பார்த்தால் உங்கள் நிறத்தில் கொடிகள். ஆயிரக்கணக்கான தடவை வெறும் காற்றில் போட்ட குத்து, நீங்கள் கேட்காமலே, உங்களை எந்த விதத்திலும் அறியாத ஒருவர் முன்னால் வந்து நிற்கிறது. டோஜோவில் இது கிடைக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அங்கே எதிராளிக்கும் உங்களைத் தெரியும் என்பதால் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கும். மேட்டில் அந்தச் சந்தேகம் இல்லை. அந்த ஒரு பாயின்ட்டோடு 1-6 என்று தோற்று, முகம் நிறையச் சிரிப்போடு வெளியே வந்தவர்களை எனக்குத் தெரியும். தவிர, ஆட்டம் முடிந்து குனிந்து வணங்கி, கை கொடுத்து, அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் டிரம் பக்கத்தில் அந்த எதிராளியே வந்து “அண்ணா, நீங்க பின்னாடி போறப்ப கை இறங்குது” என்று சொல்லித்தருவது உண்டே, அதற்காகவே போகலாம். என் தூரக் கணக்கைத் திருத்தியவர்களில் பாதிப் பேர் என்னை ஜெயித்தவர்கள்.

போட்டியில் ஜெயிக்காதவன் கராத்தே கற்றதற்கு என்ன அர்த்தம் என்று உங்கள் கேள்வியின் நடுவே ஒரு வரி இருந்தது. வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கேள்வியே புதியது. ஒக்கினாவாவிலிருந்து 1922-ல் டோக்கியோ வந்து கராத்தேயை ஜப்பான் முழுக்கப் பரப்பிய கிச்சின் ஃபுனகோஷிக்குப் போட்டியில் நாட்டமில்லை. அவர் பயிற்சியின் உயிர்நாடி கட்டாதான். அவர் 1957 ஏப்ரலில் காலமானார். ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் அகில ஜப்பான் போட்டி நடந்தது அதே ஆண்டு. அதில் குமித்தே ஜெயித்த ஹிரோக்காசு கனஸாவா, உடைந்த கையோடு ஆடி ஜெயித்தார் என்பது கராத்தே உலகில் எல்லோரும் சொல்லும் கதை. மலைப்பான கதைதான், இன்று யாரும் பின்பற்றக் கூடாத கதையும்கூட. முதல் உலகப் போட்டி 1970-ல்தான் டோக்கியோவில் நடந்தது. போட்டி வந்த பிறகும் ஒரே அளவுகோல் வரவில்லை. கியோகுஷின் என்ற கராத்தே பாணியில் கை உறையில்லாமல் முழு பலத்தோடு உடம்பில் அடிப்பார்கள், ஆனால் முகத்தில் குத்தக் கூடாது. அங்கே வெல்பவரை நம் மேட்டில் நிறுத்தினால் முகத்துக்குக் குத்து வாங்குவார், அடி கட்டுப்பாடு மீறியது என்று எச்சரிக்கையும் வாங்குவார். நம் சாம்பியன் அங்கே போனால் தொடையில் வாங்கும் உதையிலேயே உட்கார்ந்துவிடக்கூடும். போட்டி அளப்பது அந்த விதிக்குள் வரும் ஒரு துண்டு. அந்தத் துண்டை அது உண்மையாகவே அளக்கிறது, அதை மறுக்க வேண்டாம். உங்கள் நான்கு வருஷத்தையும் அது எடை போட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். போட்டி குணத்தை வளர்க்கும் என்று எங்களைப் போன்ற பயிற்சியாளர்கள் மேடையில் பேசுவோம். வளர்த்ததையும் பார்த்திருக்கிறேன், கெடுத்ததையும் பார்த்திருக்கிறேன். அதை நிச்சயமான பலன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

எந்தப் போட்டிக்குப் போகிறோம் என்பதும் முக்கியம். இந்தியாவில் சங்கத்துக்கு ஒரு சாம்பியன்ஷிப், ஸ்டைலுக்கு ஒரு சாம்பியன்ஷிப். பேனரில் ‘இன்டர்நேஷனல்’ என்று இருக்கும், வந்தவர்கள் எல்லாம் பக்கத்து மூன்று மாவட்டத்துப் பிள்ளைகளாக இருப்பார்கள். கேட்டகரியைப் பொடிப்பொடியாக உடைத்து, வந்த எல்லோருக்கும் மெடல் போட்டு அனுப்புவார்கள். உங்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை, அனுபவம் கிடைத்தால் போதும் என்றால் இதில் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், சேர்க்கை நடத்தும் துறையிடம் எந்த அமைப்பின் சான்றிதழ் செல்லும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டோர்னமென்ட் நடத்துபவர் சொல்வதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒலிம்பிக்கிலும் கராத்தே டோக்கியோவோடு நின்றது. 2024 பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலிலும் இல்லை.

சரி, மறுபடி போகலாமா? தலைக்கு ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு, இன்னும் இரண்டு மூன்று போட்டிக்காவது போய்ப் பாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஒரே ஒரு போட்டியை வைத்து, அதுவும் முதல் போட்டியை வைத்து, உங்களுக்குப் போட்டி ஒத்துவருமா என்று முடிவு செய்ய முடியாது. அதற்குள் செய்ய வேண்டியது, உங்கள் மாஸ்டரிடம் அனுமதி கேட்டு வேறு டோஜோக்களுக்குப் போய் மோதுவது. மாதம் ஒரு ஞாயிறு போதும்; முகம் தெரியாத ஆட்கள், வெவ்வேறு உயரம், வெவ்வேறு துள்ளல். உங்கள் டோஜோவிலும் வாரம் ஒரு நாள் ஆட்டத்தை முழுச் சடங்கோடு நடத்தச் சொல்லுங்கள்: மைக்கில் பெயர் கூப்பிடுவது, குனிந்து வணங்குவது, மூலையில் கொடியோடு ஆட்கள், சுற்றி மற்றவர்களின் கத்தல். சில நாள் 0-2 என்ற நிலையில், இருபது விநாடி மிச்சம் என்று தொடங்குங்கள். பின்னால் இருக்கும்போது அவசரப்படாமல் இருப்பது தனிப் பயிற்சி, தானாக வராது. ‘ஹாஜிமே’ கேட்டதும் ஒரு மூச்சை நீளமாக வெளியே விடுவதைப் பழக்கமாக்குங்கள். கண்ணை மூடி ஆட்டத்தைக் கற்பனை செய்து பார்ப்பது பலருக்கு உதவுகிறது. எவ்வளவு உதவும் என்று அடித்துச் சொல்ல முடியாது, செலவில்லாத விஷயம் என்பதால் செய்யச் சொல்கிறேன்.

எடையைக் குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது வேண்டவே வேண்டாம். அடுத்த போட்டிக்கு ஜெயிக்க வேண்டும் என்ற குறியை வைக்காமல், முதல் அரை நிமிஷம் முகத்தில் குத்து வாங்காமல் நிற்பது, முன்கைக் குத்தை மூன்று முறையாவது துணிந்து போடுவது என்று இரண்டை மட்டும் வையுங்கள். இந்த இரண்டும் நடந்ததா இல்லையா என்பதை ஜட்ஜ் தயவு இல்லாமல் நீங்களே சொல்லிவிடலாம். ஆட்டம் பார்க்க ஆபீஸ் நண்பர்கள் யாரையும் அடுத்த தடவை அழைக்க வேண்டாம், பழகிய பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம். மூன்றாவது நான்காவது போட்டிக்குப் பிறகும் போட்டி நாளை நினைத்தாலே வயிறு கலங்கி, பயிற்சிக்குப் போகிற ஆசையே குறைகிறது என்றால், நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டாவும், டோஜோ குமித்தேயும், பிளாக் பெல்ட்டும் அப்படியே இருக்கின்றன; மாஸ்டரிடம் நேராகச் சொன்னால் நல்ல மாஸ்டர் புரிந்துகொள்வார்.

ஆட்டத்தை யாராவது போனில் பிடித்திருந்தால் முதல் குத்து வாங்கிய இடத்தில் நிறுத்திப் பாருங்கள். உங்கள் முன்காலுக்கும் அவர் முன்காலுக்கும் இடையே எவ்வளவு தூரம், அந்த நேரத்தில் உங்கள் பின்குதிகால் தரையில் இருந்ததா, தூக்கி இருந்ததா? இந்த இரண்டையும் இங்கே எழுதுங்கள். தூரத்தை எப்படிச் சரிசெய்வது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.